டைரக்ட்டுன்னு போட்டுக்கலாம்

தண்ணிக்கு ஒண்ணும் குறையில்லீங்க. குடிக்கறதுக்குக் கார்ப்பரேஷன் தண்ணி, பொழங்கறதுக்குப் போர்த் தண்ணி. ஏன் வெளியிலயே நிக்கறீங்க, உள்ள வாங்க கண்ணு. அந்தச் சோபாவுல உக்காருங்க, அங்கதான் காத்து வரும். ரண்டாவது பிளாக்குல வாங்கறதுக்குப் பாக்க வந்தீங்களாக்கும்? வாங்கறதுக்கு முன்னால குடியிருக்கறவிய ஊட்டுக் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேக்கோணும்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க, அது நல்ல புத்தி. எங்களுக்குத் தோணலை. நாங்க வந்தப்பத் தட்டறதுக்குக் கதவே இல்லீங்க, வெறும் தூணுதான் நின்னுச்சு.

லிஃப்டு பரவால்லை. கரண்டு போனா ஜெனரேட்டர் போட்டுருவாங்க. வாட்ச்மேன் நல்ல மனுசன், ராத்திரியில தூங்கிருவாரு, அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? நேரா கம்பெனி ஆபீசுக்கே போயிறதா, நமக்காகப் பேசற புரோக்கர் ஒருத்தரைக் கூட்டிக்கறதான்னா?

அதைய ஏங்க எங்கிட்டக் கேக்கறீங்க. இந்தத் தளத்துல எத்தனையோ ஊடு இருக்குது. செரி, கேட்டுப்போட்டீங்க. காபி குடிப்பீங்கல்ல? டிகாஷன் எறக்கியே வெச்சிருக்கறேன். அவசரமில்லைன்னா உக்காருங்க. அவசரம்னாலும் ஒரு கால் மணி நேரம் உக்காருங்க கண்ணு, தனியாத்தான் இருக்கறேன்.

எங்களுக்கு ஒரு புரோக்கர் இருந்தாருங்க. திருமூர்த்தின்னு பேரு. சொந்த ஊரு உடுமலைப் பக்கம், என்ற மகளைக் குடுத்த ஊரு; குடியிருக்கறது இங்க கோயமுத்தூர்லதான். சம்மந்தியம்மாதான் அனுப்பி வெச்சாங்க. "நம்ம பையன் சம்மந்தி, நம்பி எறங்கலாம்"னு சொன்னாங்க. தைப்பூசம் முடிஞ்சு தேட ஆரம்பிச்சோம், ஆடி பொறக்கற வரைக்கும் தேடினோம். அந்த வருசத்து வெயில் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, கோயமுத்தூரு கோயமுத்தூராவே இல்லை. என்ற ஊட்டுக்காரருக்கு முட்டி வலிங்க, பைக்குல உக்கார முடியாது. அதுக்கோசரம் அந்தத் தம்பி சிநேகிதர் ஒருத்தரோட காரைக் கேட்டு வாங்கீட்டு வருவாரு. காளப்பட்டி, சரவணம்பட்டி, வடவள்ளி, ஒரு பக்கம் பாக்கி இல்லை.

நானும் லேசுல ஒத்துக்கற ஆளில்லீங்க. ஒரு ஊட்டுல பாத்ரூமுக் கதவு சாமி ரூமைப் பாத்துச்சு, வேண்டாம்னேன். ஒரு ஊட்டுல சமையல்கட்டு ஜன்னல்ல வெளிச்சமே இல்லை, வேண்டாம்னேன். இன்னொரு ஊடு எல்லாமே நல்லா இருந்துச்சு, பக்கத்து ஊட்டுக்காரி மொகம் எனக்குப் புடிக்கலை. அதுக்கெல்லாம் அந்தத் தம்பி மொகம் சுளிச்சதே இல்லீங்க. "செரிங்க்கா, வேற பாக்கலாம்"பாரு. காருக்குள்ள ஏறினா எளநி வாங்கிக் குடுப்பாரு. காசு நாங்க எடுக்கறதுக்குள்ள அவரே குடுத்துருவாரு. நாங்களும் எடுக்காமயெல்லாம் இல்லை. கொஞ்சம் மெதுவா எடுப்போம்.

ஊட்டுக்காரருக்கு பென்ஷன் ஆபீசுல ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்துச்சு, அதுக்கும் அவருதான் கூடப் போனாரு. நான் சொல்லலை. அவரா கேட்டாரு. நான் சொன்னது, "உங்களுக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தா"ன்னு மட்டும்தான்.

அவருதாங்க இந்த எடத்தைச் சொன்னது. "அக்கா, புதுசா ஒரு எடத்துல வேலை ஆரம்பிக்கறாங்க. கம்பெனி பரவால்லை. மாதிரி ஊடு கட்டி முடிக்கட்டும், நான் கூட்டீட்டுப் போறேன். நீங்களா போகாதீங்க. அங்க உக்காந்திருக்கற புள்ளைக நல்லா பேசுவாங்க, ஆனா அவிய கம்பெனி ஆளுக. நம்ம பக்கத்துல நம்மாளு ஒருத்தர் இருந்தாத்தான் நாமளும் பேச முடியும்"னு சொன்னாரு. அவருக்கு நாங்க ஒரு பைசா குடுக்க வேண்டாமுங்க. கமிஷன் கம்பெனிக்காரங்களே குடுத்துருவாங்க. அதையும் வெளிப்படையாச் சொன்னாரு.

அதுலதான் வந்துச்சு வினை. ஊட்டுக்காரர் ராத்திரி சாப்புடறப்பக் கேட்டாரு, "கம்பெனிக்காரன் அவருக்குக் குடுக்கற காசு எங்கிருந்து வருது? நம்மகிட்ட வாங்கித்தான குடுக்கறான்?" இப்படியெல்லாம் யோசிக்கற மனுசன் இல்லீங்க அவரு, மோட்டார் கம்பெனியில இருந்து ரிட்டயரு, போல்ட்டு நட்டைத் தவிர எதையும் யோசிச்சதில்லை. அவரு கேட்டாரு. இல்ல, நான் கேட்டு அவரு தலையாட்டினாரோ என்னமோ. யாரு கேட்டா என்னங்க இப்ப.

அந்த ஞாயித்துக்கிழமை சும்மா எடத்தைப் பாத்துட்டு வரலாம்னு ஆட்டோவுல போனோம். சும்மாதாங்க. பாக்கறதுல என்ன இருக்குது?

உள்ள போனா ஏசி. குடிக்க ஜூஸ். ஒரு மேசை மேல இந்த ஊடெல்லாம் பொம்மை மாதிரி கட்டி, குட்டிக் குட்டி லைட்டுப் போட்டு வெச்சிருந்தாங்க. ப்ரீத்தான்னு ஒரு புள்ளை. என்ற கையப் புடிச்சுக்கிட்டு "ஆன்ட்டி, உங்களைப் பாத்தா எங்க பெரியம்மா மாதிரியே இருக்கீங்க"ன்னுச்சு. நானும் சிரிச்சுப்போட்டேன். அப்பறம் போன் நம்பர் கேட்டுச்சு. குடுத்தோம். கம்ப்யூட்டரைப் பாத்துச்சு. "திருமூர்த்தின்னு ஒருத்தர் இந்த நம்பரை முன்னாடியே பதிஞ்சு வெச்சிருக்காரே ஆன்ட்டி"ன்னுச்சு.

எனக்கு அப்பத்தான் தெரியும், அதுதான் அவிய வழக்கம்னு. யாரு மொதல்ல நம்மளோட நம்பரைக் குடுத்துப் பதியறாங்களோ, நாம அவிய கூட்டீட்டு வந்த ஆளு. அவியளுக்குத்தான் கமிஷன். அவரு எங்க ரண்டு பேரு நம்பரையும் எப்பவோ பதிஞ்சுட்டாரு.

அந்தப் புள்ளை குரலைத் தாழ்த்திக்கிட்டு, "வேற நம்பர் இருந்தாக் குடுங்க ஆன்ட்டி. டைரக்ட்டுன்னு போட்டுக்கலாம். அவருக்குப் போறது உங்களுக்கே சலுகையா வரும்"னுச்சு.

நான் ஊட்டுக்காரரைப் பாத்தேன். அவரு அந்தப் பொம்மை ஊட்டைப் பாத்தாரு. நான் கொஞ்ச நேரம் ஜூஸைக் குடிச்சேன். எந்திரிச்சு வந்திருக்கலாமுங்க. எந்திரிச்சு வரோணும்னு உடம்பெல்லாம் சொல்லுது. வாயி ஒரு நம்பரைச் சொல்லுது.

யாரு நம்பருங்கறீங்க? எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒரே நம்பருதான். தெனமும் சாயங்காலம் கூப்பிடற நம்பரு. சம்மந்தியம்மா நம்பரு.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. அன்னிக்கே அட்வான்சையும் கட்டீட்டு நாங்களும் ஆட்டோவுல சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தோம், என்னமோ பெருசா சாதிச்ச மாதிரி.

அடுத்த நாளே சம்மந்தியம்மா போனு. "ஏனுங் சம்மந்தி, எனக்கு கோயமுத்தூர்ல ஊடு புக் ஆயிருச்சுன்னு ஒரு புள்ளை கூப்புட்டு வாழ்த்துச் சொல்லுது. எனக்குத் தெரியாம எங்கூட்டுக்காரர் எவளுக்காவது வாங்கறாரா?"ன்னு கேக்கறாங்க. என்னத்தைச் சொல்றது. எங்க நம்பரு அடிக்கடி சிக்னல் போயிருதுங்க, அதனால உங்க நம்பரைக் குடுத்தோம்னு சொன்னேன். அவிய நல்லவிய, நம்பீட்டாங்க. "திருமூர்த்தி மூலமாத்தான முடிச்சீங்க?"ன்னாங்க.

"ஆமாங்க"ன்னேன்.

அந்த ஒரு "ஆமாங்க" இருக்குது பாருங்க, அதுக்கப்பறம் என்ற பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுப்போச்சு. பணம் கட்டறதுக்கு ஒரு ரகசிய நம்பர் வரும், அது சம்மந்தியம்மா போனுக்குப் போகும். கையெழுத்துக்கு ஒண்ணு வரும், அதுவும் அவிய போனுக்கு. அவிய கோயில்ல இருந்தாலும் செரி, மாட்டுக்குத் தீவனம் வெச்சுக்கிட்டிருந்தாலும் செரி, நான் கூப்புட்டு "சம்மந்தி, ஒரு நம்பரு வந்துச்சுங்களா"ன்னு நிக்கோணும். கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொண்ணாப் படிப்பாங்க. படிச்சு முடிக்கறதுக்குள்ள காலாவதி ஆயிரும். மறுபடியும் கேக்கோணும். ஒவ்வொரு தடவையும் "திருமூர்த்தி நல்லா இருக்கறானுங்களா? நான் கேட்டேன்னு சொல்லுங்க"ம்பாங்க. சொல்றனுங்கன்னு நானும் சொல்லுவேன்.

அந்தத் தம்பி விசயத்துக்கு வர்றேன். புக் பண்ணி ஒரு வாரம் இருக்கும், கூப்புட்டாரு. "அக்கா, மாதிரி ஊடு ரெடியாயிருச்சு. கெழக்குப் பாத்தாப்புல ஒண்ணு வருது, சமையல்கட்டுல நல்ல வெளிச்சம். நீங்க கேட்ட மாதிரியே இருக்குது. ஞாயித்துக்கிழமை போலாமுங்களா?"

நான் என்ன சொல்லியிருக்கோணும்? சொல்லுங்க. "தம்பி, இப்படி ஆகிப்போச்சு"ன்னு அப்பவே சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும். நான் சொன்னேன், "இவருக்கு முட்டி வலி ஜாஸ்தியாயிருச்சு தம்பி. இப்ப ஒண்ணும் வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்."

அன்னிக்குச் சாயங்காலமே எங்க பழைய ஊட்டுக்கு வந்துட்டாருங்க, ஒரு தைல பாட்டலோட. அவிய ஊருப் பக்கம் ஒரு வைத்தியரு காய்ச்சறதாம். உக்காரச் சொன்னா உக்காரலை. கீழ குந்தி ஊட்டுக்காரரு கால எடுத்துத் தன்ற மடியில வெச்சு எப்படித் தேய்க்கோணும்னு தேய்ச்சே காட்டறாரு. "மேல இருந்து கீழ தேய்க்கோணுமுங்க்கா, அமுத்தக் கூடாது"ன்னு எங்கிட்ட சொல்றாரு. அவரு தேய்க்க, இவரு சுவத்துல இருக்கற காலண்டரையே பாத்துக்கிட்டு இருக்கறாரு. எனக்கு அங்க நிக்க முடியலை கண்ணு. காபி போடறேன்னு உள்ள போயி அடுப்பையே பத்த வெக்காம நின்னுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த வாரம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற யாரையோ கூட்டீட்டு ஆபீசுக்குப் போனவருகிட்ட அந்தப் ப்ரீத்தாவே சொல்லிப்போட்டுச்சாம். அதுக்கென்ன, அது கம்பெனிப் புள்ளை.

அதுக்கப்பறம் அவரு கூப்புடவே இல்லீங்க. இதுதான் அந்தத் தம்பி மேல எனக்கு இருக்கற கோவமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல? ஊட்டு முன்னால வந்து நின்னு, "ஏனுங்க்கா, இப்படிப் பண்ணலாமுங்களா?"ன்னு சத்தம் போட்டிருக்கலாம். நாலு பேரு பாக்கத் திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்கு, ஊடு வாங்கறவிய இஷ்டம், நீங்க யாரு கேக்கன்னு ஏதாச்சும் சொல்லியிருப்பேன், சண்டை போட்டு முடிஞ்சிருக்கும். சம்மந்தியம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லலை. ஒண்ணுமே பேசாம இருந்தா நான் என்னத்தைப் பண்ணறது? தப்புப் பண்ணினவளுக்குக் கோவப்படறதுக்காவது ஒரு எடம் வேண்டாமா?

தப்புன்னு சொல்ல வரலை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சலுகை குடுத்தாங்களான்னு கேக்கறீங்களா? குடுத்தாங்களே. அங்க அடுப்புக்கு மேல தொங்குது பாருங்க, அந்தச் சிம்னிதான். பணத்துல கழிக்க முடியாதுங்க ஆன்ட்டி, பொருளாத்தான் குடுப்போம்னு கடைசியில சொல்லிப்போட்டாங்க. போட்டா விமானம் எறங்கற மாதிரி சத்தம். நான் போடறதே இல்லை. தாளிக்கறப்பெல்லாம் நிமுந்து பாத்தா அந்தத் தம்பிக்குப் போக வேண்டியது என்ற தலைக்கு மேல தொங்கீட்டு இருக்குது.

சாவி வாங்கறப்ப அந்தப் ப்ரீத்தா வேலைய விட்டுப் போயிருச்சு. எங்களுக்குக் குடுத்த கார் பார்க்கிங் ரண்டு தூணுக்கு நடுவுல, சைக்கிளை வேணும்னா நிறுத்தலாம். மகன் வந்தா காரை ரோட்டுலதான் விடறான். போயிக் கேட்டா ஒரு புதுப் பையன், "உங்க ஏஜென்ட் யாருங்க? அவரை வந்து பேசச் சொல்லுங்க"ங்கறான். "ஏஜென்ட் இல்லை, டைரக்ட்டு"ன்னேன். "அப்ப மெயில் போடுங்க"ன்னு சொல்லீட்டுக் கம்ப்யூட்டருப் பக்கம் திரும்பிக்கிட்டான். எதிர் ஊட்டுக்காரங்க ஏஜென்ட் வந்து பொழுதுக்கும் ஆபீசுல உக்காந்து நல்ல எடமா மாத்திக் குடுத்துட்டுப் போனாரு. நான் கையில போனை எடுத்துப்போட்டேன் கண்ணு. திருமூர்த்தி தம்பின்னு பேரு வந்துருச்சு. கட்டை வெரலு மேலயே நிக்குது. அப்பறம் எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.

இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுங்களா? இருங்க, போயிறாதீங்க. முக்கியமானதே இனிமேத்தான்.

பால் காய்ச்சறதுக்கு நாள் பாத்தோம். சம்மந்தியம்மா கேட்டாங்க, "திருமூர்த்திக்குச் சொல்லியாச்சுங்களா? ஊட்டுக்கே போயிச் சொல்லுங்க, அதுதான் மொறை." வேற வழியில்லை. வெத்தலை பாக்கு, பழம், அந்தத் தம்பிக்கு ஒரு வேட்டி எல்லாம் தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டுப் போனோம். ஊட்டுக்காரர் ஆட்டோவுல இருந்து எறங்கவே இல்லை. "எனக்கு முட்டி வலிக்குது, நீ போயிட்டு வா"ங்கறாரு. நெசமாவே வலிச்சுதோ என்னமோ. நான் போற வழியெல்லாம் பேச்சைச் சேத்து வெச்சுக்கிட்டே போனேன். வாசல்லயே சொல்லிப்போடோணும், தம்பி, நாங்க பண்ணினது செரியில்லை, மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லிப்போடோணும்னு.

கதவைத் தொறந்தது அவரு சம்சாரம். கலாமணின்னு பேரு. நான் பாத்ததே இல்லை. யாருன்னு சொன்னதுதான், அந்தப் புள்ளை என்ற ரண்டு கையையும் புடிச்சுக்கிச்சு. "அக்கா, நீங்களா? வாங்க வாங்க. உங்களை எப்படி மறப்பேன்! உங்க ஊடு முடிஞ்ச காசுலதானுங்க்கா எம் பொண்ணை நர்சிங் சேத்தோம். இல்லைன்னா அவ ஊட்டுலதான் உக்காந்திருப்பா"ங்கறா.

எனக்கு ஒண்ணும் புரியலை கண்ணு. அப்பறம் புரிஞ்சுது.

ஊட்டுல சொல்லியிருக்கறாரு. அக்கா ஊடு நிச்சயம் முடியும், அந்தக் காசு வரும், புள்ளையச் சேத்தறலாம்னு முன்னாடியே சொல்லி வெச்சிருக்கறாரு. அது இல்லைன்னு ஆனதும் பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவாரு? ஆறு மாசமாக் கூட்டீட்டுத் திரிஞ்சவிய கழட்டி விட்டுட்டாங்கன்னு எந்த ஆம்பளை ஊட்டுல சொல்லுவான்? எங்கயோ யாருகிட்டயோ கடனை வாங்கிக் கொண்டுவந்து, இந்தா கமிஷன்னு குடுத்திருக்கறாரு.

அவ கேசரி கிண்டி எடுத்துட்டு வந்தா. அப்பத்தான் அந்தத் தம்பி பின்னால இருந்து துண்டால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு வர்றாரு. என்னயப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. நான் சொல்றேன் கண்ணு, நான் பண்ணினதுக்கு அவரு என்னயப் பாத்துப் பயந்தாருங்க. எங்க நான் வாயத் தொறந்து நெசத்தைச் சொல்லிருவனோன்னு பயந்தாரு. அந்தக் கண்ணை இன்னும் என்னால மறக்க முடியலை.

கலாமணி கேக்கறா, "இவரு நல்லாத் தேடிக் குடுத்தாருங்களா அக்கா?"

"அவரு இல்லைன்னா எங்களுக்கு அந்த ஊடே கெடையாது சாமி"ன்னேன். பொய்யுங்களா அது? பொய்யில்லை. கேசரி பூராவும் தின்னேன். ஒரு முந்திரி கூட மிச்சம் வெக்கலை. வெச்சா எதாச்சும் நெனைச்சுக்குவாளோன்னு தின்னேன். வேட்டியை அவருகிட்டக் குடுத்தேன். "எதுக்குங்க்கா இதெல்லாம்"னு ரண்டு கையிலயும் வாங்கிக்கிட்டாரு. சேத்து வெச்ச பேச்சு ஒண்ணையும் பேசலை. அவ முன்னால எப்படிப் பேசறது?

ஆட்டோவுக்கு வந்தா ஊட்டுக்காரர், "என்ன, திட்டினாரா?"ங்கறாரு. நல்லாத் திட்டினாருன்னு சொல்லிப்போட்டேன். அந்த மனுசனாவது நிம்மதியா இருக்கட்டும்.

பால் காய்ச்சின அன்னிக்கு அவிய வரலை. சோலியாப் போச்சுன்னு சம்மந்தியம்மாகிட்டச் சொன்னாராம். அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா அந்தப் புள்ளை விடலீங்க. முந்தாநேத்துக் கூப்புட்டா. "அக்கா, இவரு தேடிக் குடுத்த ஊட்டை நான் பாக்கவே இல்லை. கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறாரு. நானே பொறப்பட வெச்சுட்டேன், புதன்கெழமை வர்றோம்"னா.

இன்னிக்கு என்ன கெழமைங்க? ஆமா, புதன்.

ஊட்டுக்காரர் கறிவேப்பிலை வாங்கீட்டு வர்றேன்னு காலையில போனவரு, இன்னும் வரலை. எங்க, கோயில் மரத்தடியில உக்காந்திருப்பாரு. நான் வடைக்கு ஆட்டி வெச்சுட்டேன், பாயசமும் ஆச்சு. ராத்திரி பூராவும் எனக்கு ஒரே யோசனை. இந்த ஊட்டுக்குள்ள அந்தத் தம்பி காலெடுத்தே வெச்சதில்லீங்க. பொண்டாட்டிய கூட்டீட்டு வந்து சுத்திக் காட்டோணும். நான் தேடிக் குடுத்த ஊடுன்னு காட்டோணும். எது சாமி ரூமு, எது பாத்ரூமுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவ கேட்டு, அவரு தப்பான கதவைத் தொறந்துட்டார்னா? அதுக்கோசரம் விடிஞ்சதும் எந்திரிச்சு அத்தனை கதவையும் தொறந்து வெச்சுட்டேன். பாருங்க, சாமி ரூமு, படுக்கை ரூமு, பின்னால துணி காயப் போடற எடம், அலமாரிக் கதவு கூட விடலை. வாசல்ல நின்னாலே எல்லாம் தெரியும். அவரு தடுமாற வேண்டாம்.

கொசு வருதுங்களா? வரட்டும்.

நீங்க கொஞ்ச நேரம் கூட இருங்க கண்ணு. யாராச்சும் மூணாவது ஆளு இருந்தா பேச்சு அப்படியே ஓடிரும். யாருன்னு கேட்டா, ஊடு பாக்க வந்தேன், இவிய சொன்னாங்க, திருமூர்த்திங்கறவரு மூலமாத்தான் வாங்கினாங்களாம், நல்ல மனுசன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. நான் சொன்னதா வேண்டாம், நீங்களாச் சொல்லுங்க. அவ காதுல விழற மாதிரி.

லிஃப்டு நின்ன சத்தம் கேக்குது.

பேச்சுக் குரலு கேக்குதுங்களா? அவதான். சிரிச்சுக்கிட்டு வர்றா.

மணி அடிச்சுட்டாங்க. நீங்க போயித் தொறங்க கண்ணு. எனக்குக் கால் வரமாட்டீங்குது.